ஒளித்து வைத்த சூரை மீன்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் தையல்காரியை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் அழவில்லை. "எங்க அண்ணனைக் கேட்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். சொல்வது சுலபம். அந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷமாகிறது.

டாக்டர் சொன்னது இதுதான். அவளுடைய ஒரே மகளுக்கு, வீட்டில் எல்லோரும் குருவி என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இத்தனை நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதற்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சீக்கிரமே யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தாக வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் முடியாது. அப்பாவுக்கு ரத்த வகை சேரவில்லை. தாய்மாமனுக்குச் சேரும். குருவி பிறந்த வாரத்தில் அவளுக்கு ரத்தம் கொடுத்தவனே அவன்தான்.

அப்புறமென்ன, போய்க் கேட்க வேண்டியதுதானே என்கிறீர்கள். கேட்கலாம். அவன் கடைக்குச் சீல் வைத்தது யார் என்பது மட்டும் இடையில் வராமல் இருந்தால்.

சீல் வைத்தது அவள் கணவர்.

அவர் உணவு ஆய்வாளர். மீன் மார்க்கெட்டில் அவருக்குப் பெயர் 'மூக்கு சார்'. கூடையைத் தாண்டி நடக்கும்போதே எது நேற்றையது, எது இன்றையது என்று சொல்லிவிடுவார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் மைத்துனரின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். மூலையில் ஒரு தொட்டி மீன், மேலே துண்டு ஐஸ் கிடையாது. "அது பூனைக்கு வச்சது மாப்பிள்ள" என்றான் அண்ணன். "அதையும் எழுதிக்கிறேன் மச்சான்" என்றார் இவர். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அன்றைக்கு லீவு போட்டிருக்கலாம். இந்த மனுஷனோ தானே நோட்டீஸ் ஒட்டினார், அதுவும் தன் பையிலிருந்த பசையை எடுத்து. கடை மறுபடி திறக்க மாதக்கணக்கில் ஆனது.

பழைய கதை போதும். இன்றைக்கு வருவோம்.

நேற்றுத்தான் தையல்காரி அண்ணனுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு மத்தியானம் அந்தப் பக்கம் ஒரு வேலைண்ணே. அப்படியே உன் கடையில சாப்பிட்டுப் போகலாம்னு."  அவன் "சரி" என்றான், வைத்துவிட்டான். அந்த ஒற்றைச் 'சரி'யை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணியின் எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று தெரியாமல் கத்தரியோடு நின்றது போல இருந்தது அவளுக்கு.

பஸ்ஸில் போகும்போதே கணவருக்குப் பாடம் எடுத்தாள்.

"சும்மா சாப்பிட வந்தோம். அவ்வளவுதான். சாப்பிட்டு முடிச்சு அவன் முகம் கொஞ்சம் இளகினதும் நான் கேட்கிறேன். நீங்க பேசக்கூடாது."

"சரி."

"மீனை முகர்ந்து பாக்கக்கூடாது."

"சரிம்மா."

"தரையைப் பாக்கக்கூடாது."

"தரையைக்கூடவா?"

"தண்ணி தேங்கியிருந்தா உங்க முகம் மாறும். எனக்குத் தெரியாதா? ஏங்க, இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க வெறும் மாப்பிள்ளையா இருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அழுகை வந்தது. ஆனால் பஸ்ஸில் அவரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர்.

மார்க்கெட் மத்தியானக் களைப்பில் இருந்தது. பாதிக் கடைகள் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சிமெண்டுத் தரையெல்லாம் செதில் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. ஐஸ் உடைக்கும் மெஷின் மட்டும் எங்கோ கரகரத்துக்கொண்டிருந்தது. காலையில் ஐஸ் வண்டி வரத் தாமதமாகி, அதனால் நடந்த சண்டைகளின் மிச்சம் இன்னும் இரண்டு மூன்று வாய்களில் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கு சார் தலையைக் குனியாமல், தரையைப் பார்க்காமல் நடந்தார். அதனால் ஒரு பெண் ஊற்றிவிட்ட அழுக்குத் தண்ணீரில் நேராகக் காலை வைத்தார்.

அண்ணனின் கடை மார்க்கெட்டின் பின்பக்கம். தகரக் கூரை, ஏழெட்டு மேஜைகள், வாசலில் ஒரு கல்லா. வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த மீனை மார்க்கெட்டில் வாங்கி வந்து கொடுப்பார்கள். அண்ணன் பொரித்தோ சுட்டோ தருவான். கையில் மீனில்லாமல் வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு ஐஸ் பெட்டி உண்டு. அதில் கிடப்பது எதுவானாலும் கேட்டவருக்கு விற்றுவிடுவது அண்ணியின் வழக்கம். கல்லாவில் உட்காருபவள் அவள்தான். 'இது இன்னாருக்கு எடுத்து வச்சது' என்கிற பேச்சே அவளிடம் செல்லாது.

அண்ணி தலையைத் தூக்கினாள். இருவரையும் பார்த்தாள். வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

"சாப்பாடா? கடைசி மேஜை காலியா இருக்கு" என்றாள், முன்பின் தெரியாத ஆட்களிடம் சொல்வது போல.

"நல்லா இருக்கீங்களா அண்ணி?"

"கடை நடக்குது."

அதற்கு மேல் நிற்க முடியாமல் தையல்காரி நடந்தாள். கடையில் பேச்சுச் சத்தம் படிப்படியாகக் குறைந்தது. மூக்கு சார் இந்தக் கடையில் வந்து உட்காருகிறார்! ஐஸ் வண்டிக்காரர் கையிலிருந்த இறாலை வாயில் போட மறந்துவிட்டுப் பார்த்தார்.

"என்ன சார், மூக்கை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தீங்களா?"

ஒரே சிரிப்பு. மூக்கு சாரும் சிரித்தார். மனைவி சொல்லியிருந்தபடி, வெறும் மாப்பிள்ளையாகச் சிரித்தார்.

அண்ணன் அடுப்புப் பக்கத்திலிருந்து வந்தான். தோளில் துண்டு, சட்டைப் பையில் இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்துக் குழாய். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சிழுப்பு உண்டு. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு புகையிலேயே பிழைப்பு நடத்துகிறான். முன்னந்தலை நரைத்திருந்தது. அவள் கடைசியாகப் பார்த்தபோது இந்த நரை இல்லை. 

"வா" என்றான் தங்கையிடம். மாப்பிள்ளை இருந்த பக்கம் கண் போகவில்லை. "குருவி வரலையா?"

"லேசாக் காய்ச்சல்ணே. அதான் வீட்டுல..."

"காய்ச்சல் அவளுக்கு. உன் முகம் ஏன் கறுத்துப் போயிருக்கு?"

"தையல் வேலை ஜாஸ்தி. கண்ணு முழிக்க வேண்டியிருக்கு."

 அவன் அடுப்புக்குப் போனான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. எண்ணெய் சுருசுருவென்று இரைந்தது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டுகள் வந்தன. சோறு, எலுமிச்சைத் துண்டு, கையகலத்தில் பொரித்த சூரை மீன்.  சூரை தையல்காரிக்கு உயிர். கல்யாணத்துக்கு முன்னால் நடுத்துண்டுக்காக இந்த அண்ணனோடுதான் அடித்துக்கொள்வாள்.

"ஞாபகம் வச்சிருக்கியா அண்ணே?"

"ஞாபகம் என்ன ஞாபகம். மார்க்கெட்ல கிடைச்சுது, போட்டேன்" என்றான் அவன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவள் கண் நிறைந்தது. கிடைத்துவிடும் என்று தோன்றியது. இந்த நடுத்துண்டைப் போட்டவன், கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டான். குருவி பிழைத்துவிடுவாள். அவள் மேஜைக்கடியில் கணவரின் முழங்காலைத் தட்டினாள், சாப்பிடுங்க என்று.

மூக்கு சார் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார்.

நாக்கு சுருக்கென்றது.

மிளகு கடித்த மாதிரி ஒரு சுருக்கு, உதட்டோரம் லேசான குறுகுறுப்பு. அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. சூரை ஒரு பொல்லாத மீன். ஐஸ் இல்லாமல் சூட்டில் கொஞ்ச நேரம் கிடந்தாலும் உள்ளே விஷம் ஊறிவிடும். மற்ற மீனைப் போல நாறாது, கண் வெளுக்காது, பார்வைக்கு அன்று பிடித்தது போலவே இருக்கும். பொரித்தாலும் அந்த விஷம் போகாது. நாக்கு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், அதுவும் கவனிக்கிற நாக்காக இருந்தால். இரண்டு வாய் தின்றால் முகம் சிவந்து தலை வலிக்கும். நிறையத் தின்றால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும்.

அவர் சுற்றிலும் பார்த்தார். ஐஸ் வண்டிக்காரர் தட்டில் இறால். பக்கத்து மேஜையில் நெத்திலி. அதற்கப்பால் கணவாய். கடையில் வேறு எங்கும் சூரை இல்லை. அப்படியானால் ஆபத்து இந்த மேஜையோடு சரி.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்க்கிற முகம். அவள் கை மேஜைக்கடியில் அவர் முழங்காலை நகம் பதியப் பிடித்தது.

"ஏங்க" என்றாள் உதடு அசையாமல். "என்னவா இருந்தாலும் முழுங்குங்க."

விழுங்கினார்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து அவளே திகைத்துப்போனாள். கையை நீட்டி அவள் தட்டிலிருந்த மீனையும் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

"நீ சோறு சாப்பிடு. எனக்கு... ரொம்ப நல்லா இருக்கு" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி.

பிறர் தட்டில் கை வைக்கிற ஆள் இல்லை அவர். அவளுக்கு என்னவோ விபரீதம் என்று பட்டது. ஆனால் அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார். அந்தப் பயத்தில் வெறும் சோற்றைப் பிசைந்து உள்ளே தள்ளினாள்.

மூக்கு சார் தின்றார். பிள்ளைக்காக ஒரு தகப்பன் என்னென்னவோ செய்வதாகச் சொல்வார்கள். இவர் கெட்டுப்போன மீனை ரசித்துச் சாப்பிட்டார். இரண்டு பேர் பங்கையும் முள் தெரியத் தின்றார். கடைசித் துண்டு போகும்போது காது மடல் கொதித்தது, கழுத்தோரம் அரித்தது. கையைத் தூக்கிச் சொறிந்துகொள்ளக்கூட இல்லை.

அடுப்படியிலிருந்து அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காதது போலப் பார்த்தான். மாப்பிள்ளையின் காலித் தட்டைக் கண்டதும் ஆறு வருஷத்து இறுக்கம் அவன் முகத்தில் கொஞ்சம் தளர்ந்தது. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு கையில் இலையில் சுற்றிய பொட்டலம், மறு கையில் தனக்கு ஒரு தட்டு. அதிலும் சூரைதான்.

"இது குருவிக்கு" என்று பொட்டலத்தைத் தங்கை பக்கத்தில் வைத்தான். "காய்ச்சல் வாய்க்கு ருசியாயிருக்கும். வாலுத் துண்டு. அவளுக்கு வாலுதானே புடிக்கும்?"

"ஆமாண்ணே" என்றாள் அவள். 

"சின்னதுல என் மடியில உக்காந்துதான் திம்பா. முள்ளு எடுத்துக் குடுத்தா துப்பிடுவா. அவளே எடுக்கணும்." அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தான். முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தான். "மாப்பிள்ளைக்கு வேர்க்குது. காரமா?"

"இல்ல மச்சான். நல்லாயிருக்கு."

"மச்சான்னு வாயில வருதே!" என்று சிரித்தான் அண்ணன். சிரிப்பு இருமலாகி இழுத்தது. மார்பைத் தேய்த்துக்கொண்டான். "சரி, போனது போகட்டும். நானும் உங்களோட ரெண்டு வாய் சாப்பிடுறேன்."

"அண்ணே" என்றாள் தையல்காரி. இதுதான் நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. இனி இப்படி ஒரு நிமிஷம் வாய்க்காது. "அண்ணே, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சாப்பிட்டுட்டுக் கேளு. எங்க ஓடிடப் போறேன்" என்றபடி அவன் பெரிய துண்டாகப் பிய்த்து எடுத்தான்.

மூக்கு சாரின் காதில் அந்த இழுப்புச் சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது. தனக்கே இப்போது நெஞ்சு தட்தட்டென்று அடிக்கிறது. மூச்சிழுப்பு உள்ள இந்த உடம்பு இதைத் தாங்காது. பொட்டலத்தை வழியில் எறிந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் வாய்க்குப் போகிற கையை என்ன செய்வது?

எட்டி அந்தத் தட்டைப் பிடித்தார்.

"இதையும் எனக்குக் குடுங்க மச்சான். பசி அடங்கல."

அண்ணன் வாயைப் பிளந்தான். "இன்னுமா? உள்ள இன்னும் இருக்கு மாப்பிள்ள, பொரிச்சுத் தரேன். இதை விடுங்க."

"இல்ல, இதுதான் வேணும்."

"அட விடுங்கன்னா" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் கையிலிருந்ததை வாய்க்குக் கொண்டுபோனான்.

மூக்கு சார் எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். மீன் துண்டு மேஜையில் விழுந்தது.

"வேணாம். கெட்டுப்போயிருக்கு."

கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கேட்டது. நெத்திலி மேஜைக்காரர் தட்டை ஓசையில்லாமல் தள்ளி வைத்தார். இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். கல்லாவில் அண்ணி எழுந்தாள்.

அண்ணனின் முகம் அப்படியே மாறிப்போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நோட்டீஸ் ஒட்டியபோது இருந்த அதே முகம்.

"ரெண்டு தட்டு தின்னீங்க" என்றான். குரல் தணிந்துதான் இருந்தது. "ரெண்டு தட்டையும் தின்னுட்டு, நாலு பேரு முன்னால சொல்றீங்க. இதுக்குத்தான் வந்தீங்களா? அன்னிக்கு ஒட்டினது போதலையா?"

"மச்சான், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"எந்திரிங்க. ரெண்டு பேரும் எந்திரிங்க."

தையல்காரி எழுந்தாள். போவதற்காக அல்ல. கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் வாயை மூடிட்டிருக்க முடியலையா உங்களால? ஒரு நாள்! உங்க நேர்மையைத் தூக்கிக் குப்பையில போடுங்க! எம் புள்ளையைக் கொன்னுட்டீங்களே!"

மார்க்கெட்டே கேட்கும்படி கத்தினாள். பிறகு சட்டென்று சட்டையை விட்டுவிட்டு, அண்ணனின் தட்டிலிருந்து மீனைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. இவருக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். நல்லாயிருக்கு." இன்னொரு துண்டு. "பாரு, நான் சாப்பிடுறேன் பாரு. அருமையா இருக்கு." இன்னொன்று. நாக்கு எரிந்தது, உதடு குறுகுறுத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "நீ செஞ்சது எப்பக் கெட்டிருக்கு? போன்னு மட்டும் சொல்லிடாதண்ணே. உக்காரு. உக்காருண்ணே."

மூக்கு சார் அவள் கையைப் பிடிக்கப் போனார். தட்டிவிட்டாள்.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இவள் பொய் சொன்னால் இடது புருவம் தனியாக ஏறும். சின்ன வயதில் அந்தப் புருவத்தை வைத்துத்தான் இவள் திருடிய மிட்டாயெல்லாம் கண்டுபிடித்தான். இப்போதும் ஏறியிருந்தது.

தட்டிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நாக்கு நுனியில் வைத்தான். உடனே துண்டில் துப்பினான்.

அவன் கண் நேராக அடுப்படிக்குப் போனது. அங்கே போனான், குனிந்தான். அடுப்பு மேடைக்கடியிலிருந்து ஒரு ஈரச் சாக்கை இழுத்துப் போட்டான். உள்ளே சூரையின் தலையும் மிச்சமும். சாக்கைத் தொட்டுப் பார்த்தான். காலையில் ஈரமும் குளிர்ச்சியுமாக வைத்தது, இப்போது அடுப்புச் சூட்டில் வெதுவெதுவென்று இருந்தது.

"நீ வரேன்னதும் விடியறதுக்குள்ள போய் எடுத்தேன்" என்றான் யாரையும் பார்க்காமல். "ஐஸ் பெட்டியில போட்டா இவ வித்துடுவா. யாருக்குன்னு கேட்டா என்னன்னு சொல்றது? அதான் இங்க சொருகி வச்சேன். ஐஸ் வண்டி வந்ததும் நாலு துண்டு உள்ள போட்டுடலாம்னு இருந்தேன். வண்டி லேட்டு. அப்புறம் கூட்டம் வந்துடுச்சு. மறந்துட்டேன்."

இருபது வருஷமாகச் சூரையை வெட்டிக்கொண்டிருப்பவன். வேறொருவன் இப்படிச் செய்திருந்தால் அந்த ஆளைக் கடைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டான். தங்கை வருகிறாள் என்ற சந்தோஷத்தில் புத்தி மழுங்கிப்போய்விட்டது.

திரும்பினான். "உனக்குத் தெரியுது கெட்டதுன்னு. அவருக்கும் தெரியுது. தெரிஞ்சே அவர் ரெண்டு தட்டு தின்னிருக்கார். நீயும் தின்னே. எதுக்கு? புள்ளையைக் கொன்னுட்டீங்கன்னியே, குருவிக்கு என்ன?"

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாக மனசுக்குள் வெட்டித் தைத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது கைக்கு வரவில்லை.

"காய்ச்சல் இல்லண்ணே. ரெண்டு கிட்னியும் போச்சு. மெஷினும் ஒத்துக்கல. உன்னுது சேரும்ணே. ஒண்ணு குடுண்ணே. ஒண்ணே ஒண்ணு. எனக்கு வேற யாருண்ணே இருக்காங்க?"

அவ்வளவுதான். கேட்டுவிட்டாள். எப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று நினைத்தாளோ அப்படியே கேட்டுவிட்டாள்.

அண்ணன் பதில் சொல்வதற்குள் ஸ்டூல் உருண்டது. மூக்கு சார் மேஜையைப் பற்றியபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். முகம் நெருப்பாய்ச் சிவந்து, கழுத்தெல்லாம் தடித்திருந்தது. மூச்சு குட்டை குட்டையாக வந்தது.

"அவளைப் பாருங்க" என்றார். "அவளும் மூணு துண்டு..."

"வண்டியை எடு!" என்று கத்தினான் அண்ணன்.

ஐஸ் வண்டிக்காரர் கைகழுவாமல் ஓடினார். இரண்டு பேர் சாக்கை விரிக்க, அண்ணன் மாப்பிள்ளையைக் குழந்தையைத் தூக்குவது போல அள்ளி, உருகிய ஐஸ் தேங்கி நின்ற வண்டியில் கிடத்தினான். தானும் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டான். தன் சட்டைப் பை மருந்தை எடுத்தான். இதைக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"பூனைக்குன்னு சொன்னீங்க" என்று முனகினார் மூக்கு சார். "அன்னிக்கு... நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும் மச்சான்."

"இப்பப் பேசாதீங்க. மூச்சை விடுங்க. விட்டு விட்டு இழுங்க." அண்ணன் தங்கையைப் பார்த்தான். "எந்த ஆஸ்பத்திரி?"

"குருவி இருக்கிற ஆஸ்பத்திரிதாண்ணே பக்கம்."

"ஏறு. அங்கேயே என் ரத்தத்தையும் எடுத்துப் பாக்கட்டும்."

அவளுக்குக் கால் தள்ளாடியது. பலகையைப் பிடித்து ஏறப்போனவளின் கையை யாரோ பிடித்தார்கள்.

அண்ணி. அவள் கடையின் ஷட்டரைத் தானே இறக்கிப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் கை காயாமல் வாசலில் நின்றார்கள். இந்தத் தடவை மூட யாரும் நோட்டீஸ் ஒட்ட வேண்டியிருக்கவில்லை.

"மீனை எங்கிட்ட மறைச்சாச்சு" என்றாள் அண்ணி, வண்டியில் இருந்த கணவனைப் பார்த்து. "வெறும் மீனை. நான் வித்துடுவேனாம்." பிறகு தையல்காரியிடம் திரும்பினாள். அழவில்லை.  "கடையை மூடினப்ப இவரு மூணு மாசம் பேசல, தூங்கல. ராத்திரியெல்லாம் நெஞ்சைத் தேய்ச்சு விட்டு உக்காந்திருந்தவ நானு. அப்ப நீங்க யாரும் எட்டிப் பாக்கல. இப்ப இவரை அறுத்து ஒண்ணு எடுக்கணும். அண்ணனைக் கேட்டாச்சு, அவரும் தலையாட்டியாச்சு. என்னை யாரு கேட்டீங்க?"

தையல்காரிக்குத் தலை சுற்ற ஆரம்பித்திருந்தது. கன்னம் கொதித்தது. அவள் அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கிறேன் அண்ணி. இங்கேயே கேக்கிறேன். கால்ல விழுந்து..."

"கால்ல விழாதே. எனக்குப் புடிக்காது."

அண்ணி அவளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி வண்டியில் ஏற்றினாள். குருவிக்கென்று சுற்றிய பொட்டலம் தையல்காரியின் இடுப்பில் இன்னமும் செருகியிருந்தது. அண்ணி அதைப் பிடுங்கித் தெருவில் வீசினாள். பிறகு தானும் ஏறி, ஐஸ் தண்ணீரில் புடவை நனைய உட்கார்ந்து, வண்டிக்காரரின் முதுகில் தட்டினாள்.

"ஓட்டு." தையல்காரியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நேரமிருக்கு. கேளு. நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல."